அம்மா பேர் வெட்டிய வெற்றிலைப் பெட்டி

2006 மே 14, ஞாயிறு. காரைக்கால்.

திருச்சியிலிருந்து நேற்றுதான் அக்கா வீட்டுக்கு வந்தேன். இன்று பகல் முழுவதும் பழைய சாமான் கடைத்தெருவில் சுற்றினோம். அக்கா வரமாட்டேன் என்றாள்; நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பீங்கான் தட்டு, ஓடாத சுவர்க் கடிகாரம் என்று தரையெல்லாம் பரப்பியிருந்தார்கள். நல்ல கூட்டம்.

ஒரு கடையில் அம்மாவின் வெற்றிலைப் பெட்டி இருந்தது. மூடியில் அம்மா பேர். போன வருஷம் அக்கா வீட்டில் காணாமல்போனது அது. வீட்டு வேலைக்கு வந்த காளியம்மாள்தான் திருடினாள் என்று அத்தான் தெருவே கேட்கத் திட்டி அவளை நிறுத்திவிட்டார்.

"இத யாரு கொடுத்தாங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

அவர் எனக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார். "இந்தம்மாதாங்க. வாங்கம்மா, இன்னும் ஏதாவது இருக்கா?"

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். கூட்டத்தைத் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"அத்தானுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுல வச்சுக்க மாட்டாரு. சொல்லிடாதடி."

"காளியம்மாளுக்கு யாரு சொல்றது?"

அக்கா விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். ஏன் விற்றாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாப்பிடும்போது அத்தான், "கடைத்தெருவுல என்ன பாத்தீங்க?" என்றார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. கூட்டம்தான் என்றேன்.

காளியம்மாள் நெடுங்காட்டில் மகளோடு இருக்கிறாளாம். காலையில் அங்கே போகப் போகிறேன். அக்காவிடம் சொல்லிவிட்டேன். நானும் வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.