பதினாறு எழுத்து

மார்ச் 4
நகராட்சிக் கூட்டம் பற்றி நானூறு சொல் எழுதிக் கொடுத்தேன். துணையாசிரியர் ஒன்றையும் மாற்றவில்லை. அக்கா போய் இன்றோடு இருபது நாள்.

மார்ச் 6
அக்காவின் ஆய்வுக்கூடத்திலிருந்து குழுத் தலைவர் போன் செய்தார். "உறை உங்ககிட்டதானே சார் இருக்கு? இருபதாம் தேதி திறக்கறோம்." இருக்கிறது என்றேன். பீரோவில், பழைய பாஸ்போர்ட்டுக்கு அடியில்.

மார்ச் 7
குழம்பாமல் எழுதி வைக்கிறேன். நியூட்ரினோ என்ற நுண்துகளில் மூன்று வகை. அக்கா சொன்னது: "ரெண்டு பேரு எடை கிட்டத்தட்ட ஒண்ணுடா. மூணாமவன் தனி. அவன் அவங்களைவிடக் கனமா லேசான்னுதான் தெரியல." அதற்கு ஏழு வருட அளவீடு. விடை முன்பே கண்ணில் பட்டால் ஆசைப்பட்ட பக்கம் கணக்கு சாய்ந்துவிடுமாம். அதனால் கணினி எல்லா அளவுகளையும் ஒரு ரகசிய எண்ணால் நகர்த்தி வைத்திருக்கிறது. அதை விலக்கும் கடவுச்சொல், பதினாறு எழுத்து, ஒரே ஒரு தாளில். தாள், இயற்பியல் தெரியாத வெளியாள் ஒருவரிடம். அதாவது என்னிடம். "நானே வந்து கேட்டாலும் தேதிக்கு முன்னாடி குடுக்காதே."

மார்ச் 9
கேட்டாள்.
ஜனவரி கடைசி. ஆஸ்பத்திரி, நான்காம் மாடி. மூக்கில் குழாய், போர்வைமேல் மடிக்கணினி. "அதை எடுத்துட்டு வாடா. பாத்துட்டுப் போறேன்."
"இன்னும் ரெண்டு மாசம் இருக்கே அக்கா."
சிரித்தாள். "சரியான ஆளுகிட்டதான் குடுத்திருக்கேன்." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பின் இரண்டு வாரம்தான்.

மார்ச் 10
வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 13
அத்தான் வந்திருந்தார். உறை விஷயம் அவருக்கும் தெரியும். "அவ கோச்சுக்கலப்பா. என் தம்பி கல்லுன்னு சொன்னா. பெருமையாத்தான் சொன்னா."
பெருமையாத்தானா? விதியாம், பெரிய விதி. குடுத்திருந்தா என்னடா குடி முழுகியிருக்கும்?

மார்ச் 20
அறையில் பதினோரு பேர். தலைவர் உறையைக் கத்தரித்தார். பதினாறு எழுத்து, கீழே அக்கா கையெழுத்தில் ஒரு வரி. அவர் படித்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். "பிரிச்சுப் பாத்துட்டியாடா, திருடா?" சத்தமாகப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும். ஆக, உறையைக் கொடுத்த அன்று அவள் என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.
திரையில் கோடு வந்தது. தனி ஆள் கனமானவன் என்ற பக்கம் கொஞ்சம் சாய்வு. அடித்துச் சொல்லப் போதாது. "ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் தலைவர்.
அன்றே கொடுத்திருந்தால் இதைத்தான் அவளும் பார்த்திருப்பாள். பார்த்திருக்கட்டுமே.

ஏப்ரல் 2
தலைவர் வீட்டுக்கு வந்தார். இன்னும் ஐந்து வருடம் அளக்கப் போகிறார்களாம். புது உறையை மேசைமேல் வைத்தார். "உங்களைவிட நம்பிக்கையான ஆள் எங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க சார்."
"வச்சுக்கறேன். ஆனா யாராவது ஆஸ்பத்திரியிலேர்ந்து கேட்டா குடுத்துடுவேன்."
காப்பியை முழுதும் குடித்தார். பிறகு உறையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "வேற ஆள் பாத்துக்கறேன் சார்."
வாசல்வரை போய் வழியனுப்பினேன்.