இரண்டு வளைவுக்கு நடுவே ஓரடி

வெனாட்சி, வாஷிங்டன்
ஜூன் 11, 1984

அர்விட்,

மேல 'மச்சான்'னு எழுதி அடிச்சிருக்கேன். மைக்கு அடியில தெரியும், கண்டுக்காத. உன் தங்கச்சியும் நானும் கோர்ட்டுல விவாகரத்துக்குக் கையெழுத்து போட்ட அப்புறம் அந்த வார்த்தை எனக்கு இன்னும் பாத்தியமா இல்லையான்னு தெரியல. ரெண்டு வருஷமா நீ ஒரு வரி எழுதல, அதனால கேக்கவும் வழியில்ல.

விஷயத்துக்கு வரேன். அக்டோபர்ல மிசூலாவுல குட்டி ரயில் மாடல் கட்டி ஓட்டுறவங்க எல்லாம் கூடுற கூட்டத்துக்கு ஓபல் டிராஸ்க் அம்மாதான் இந்த வருஷமும் மேசை ஒதுக்குறாங்க. உங்க பியூட் சங்கத்துப் பாதையையும் எங்க வெனாட்சி சங்கத்துப் பாதையையும் ஒரு பாலம் சேக்கணுமாம். எந்தப் பாலம் தெரியுமா? நம்ம லாண்டர்ன் ஓடை ரயில் பாலத்தோட குட்டி மாடல். கிழக்குப் பாதிய உங்க ஆள் கட்டணும், மேற்குப் பாதிய எங்க ஆள் கட்டணும், அங்க போய்ச் சேக்கணும். எங்க பக்கத்துக்கு என் பேரப் போட்டுட்டாங்க. உங்க பக்கத்துக்கு யாரு பேருன்னு நீயே பாத்திருப்ப. அந்தம்மாவுக்கு நம்ம கதை தெரியாதா, தெரிஞ்சே பண்ணாங்களா, எனக்கு விளங்கல.

உனக்கு இஷ்டமில்லன்னா அவங்ககிட்ட சொல்லிடு, வேற ஆளப் போடுவாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். இருபது வருஷம் நாம ரெண்டு பேரும் கட்டணும் கட்டணும்னு பேசின பாலத்த இன்னொருத்தன்கூட சேந்து கட்ட எனக்கு மனசு ஒப்பல.

டெல்பர்ட்


பியூட், மொன்டானா
ஜூன் 19

திரு. டெல்பர்ட் ஹாய்ட் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழக்குப் பாதியைக் கட்டச் சம்மதிக்கிறேன். தங்களுக்காக அல்ல, பாலத்துக்காக. இனி வரும் கடிதங்களில் பாலத்தைத் தவிர வேறு பேச்சு கூடாது. என் தங்கை நொரீனின் பெயர் அறவே வரக்கூடாது.

நிறம் கறுப்பு. தாங்கள் வெள்ளி நிறம் என்று வாதாடுவீர்கள் என்பது தெரியும். இருபது வருடமாக அதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கறுப்புதான்.

துருவை எப்படிக் கொண்டுவரப் போகிறீர்கள்? நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஓவியர்கள் வைத்திருக்கும் செங்காவிச் சுண்ணக்கட்டியைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி, கறுப்பு முழுசாகக் காய்வதற்குக் கொஞ்சம் முன்னால், பழைய ஷேவிங் பிரஷ்ஷால் ஆணிக்குக் கீழே மட்டும் தட்ட வேண்டும். காய்ந்த பிறகு பார்த்தால் சத்தியமாக இரும்புதான். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவப் போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இங்ஙனம்,
அ. லிண்ட்குவிஸ்ட்


வெனாட்சி
ஜூலை 2

மகாகனம் பொருந்திய அ. லிண்ட்குவிஸ்ட் அவர்கள் சமூகத்துக்கு,

'தாங்கள்'னு படிச்சதும் எனக்குப் பின்னாடி வேற யாரோ நிக்குறாங்கன்னு திரும்பிப் பாத்தேன்.

கறுப்புன்னா கறுப்பு, ஒத்துக்கிறேன். சண்டை வேண்டாம். ஷேவிங் பிரஷ் யோசனை அட்டகாசம். ஒரு தூண்ல பண்ணிப் பாத்துட்டு ராத்திரி சாப்பாட்டையே மறந்துட்டேன். இப்ப என் வித்தையக் கேளு. தண்டவாளத்துக்கு அடியில வர்ற மரக்கட்டைங்களுக்குப் பெயிண்ட்டே வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை வினிகர்ல போட்டு ஒரு வாரம் விட்டுடு. அந்தத் தண்ணியில கட்டைய முக்கி எடுத்தா அம்பது வருஷம் மழையில கிடந்த மாதிரி சாம்பல் பூத்துடும். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுச் சொந்தக்காரம்மா மிசஸ் ஹாகன், நான் வெள்ளரிக்கா ஊறுகாய் போடுறேன்னு நினைச்சு ஜாடியத் திறந்து மோந்து பாத்துட்டாங்க. அன்னையிலேர்ந்து என்கிட்ட கொஞ்சம் தள்ளி நின்னுதான் பேசுறாங்க.

வளைவுக்குக் கணக்குப் பாக்க வேண்டிய வேலையே இல்ல. 61-ல நாம பிக்னிக் போனப்ப ஒருத்தர் (பேரு வரக்கூடாதுன்னு உத்தரவு) எடுத்த ஸ்லைடு எங்கிட்ட இருக்கில்ல? படுக்கை விரிப்பச் சுவத்துல கட்டி, பாலம் சரியான அளவுக்கு வர்ற வரைக்கும் புரொஜெக்டரத் தள்ளித் தள்ளி வச்சு, அப்படியே பென்சிலால வரைஞ்சுட்டேன். அதே படத்தோட காகிதப் பிரதி உன் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு. அதப் பாத்து நீ கட்டு, ரெண்டும் பொருந்திடும்.

டெல்பர்ட்


பியூட்
ஜூலை 27

டெல்பர்ட்,

இந்தத் 'தாங்கள்' எழுதி எழுதி எனக்கே கை வலிக்குது, போதும்.

ஆறு தூணும் நின்னுடுச்சு. நின்னுடுச்சுன்னா சும்மா இல்ல, மேல ஒரு இரும்புச் சுத்தியல வச்சுப் பாத்தேன், அசையல. பஸ் டிப்போவுல நாள் பூரா கிரீஸ் கையோட எஞ்சின் மாத்திட்டு வந்து, அதே கையால குண்டூசித் தலை மாதிரி ஆணி ஒட்டுறேன்னா எனக்கே நம்ப முடியல. உன் ஊறுகாய்த் தண்ணியும் போட்டேன். வாடை ஒரு பக்கம் இருக்கட்டும், நிறம் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு.

நேத்து எஞ்சினக் கையால தள்ளிக்கிட்டு மெதுவா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போனேன். கோடியில நிறுத்தினேன். அதுக்கு மேல பாலம் இல்ல, வெறும் காத்து. மிச்சம் உன் வீட்டுல இருக்கு. எனக்கு உன் பாதிய உடனே பாக்கணும், போட்டோ எடுத்து அனுப்பு. அக்டோபர் வரைக்கும் எவன் பொறுப்பான்?

புறா எச்சம் போட்டியா? வெள்ளைப் பெயிண்ட்டப் பல் தேய்க்கிற பிரஷ்ல தொட்டு விரலால சுண்டி விடு. ஒரே ஒரு தடவதான் சுண்டணும். நான் ஆசைப்பட்டு ரெண்டு தடவ சுண்டிட்டு, ஒரு தூண மறுபடி கறுப்படிச்சேன்.

அர்விட்


வெனாட்சி
ஆகஸ்ட் 14

அர்விட்,

போட்டோ உள்ள இருக்கு. மிசஸ் ஹாகன் எடுத்தாங்க, அதான் ஓரத்துல அவங்க கட்டைவிரல். மத்தபடி எப்படி இருக்குன்னு நீயே சொல்லு. நான் சொன்னா தற்பெருமையாயிடும். சொல்லிடுறேனே, பிரமாதமா இருக்கு. ஆப்பிள் பெட்டி அடுக்குற எடத்துல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன், ஒருத்தன் நிஜப் பாலம்னு நினைச்சு எந்த ஊருன்னு கேட்டான். எனக்கு இப்பவே அக்டோபர் வந்துடணும் போல இருக்கு.

டெல்பர்ட்


பியூட்
ஆகஸ்ட் 20

டெல்பர்ட்,

உக்காந்துக்கிட்டு படி.

உன் பாதி தப்புப் பக்கம் வளையுது. என்னோடது ஓடைக்கு இடது பக்கம் வளைஞ்சு வருது, உன்னோடது வலது பக்கம் ஓடுது. சேத்து வச்சா பாம்பு மாதிரி நெளியும். உன் போட்டோவ என் பாலத்துக் கோடியில வச்சுப் பாத்துட்டு, நம்பாம, தலைகீழா நின்னு பாக்காத குறைதான். நீ ஸ்லைட மாத்திப் போட்டிருக்க. முன்பக்கம் பின்பக்கமா.

துருவெல்லாம் அருமையா வந்திருக்கு. அதுதான் இன்னும் வயித்தெரிச்சல்.

அர்விட்


வெனாட்சி
ஆகஸ்ட் 25

அர்விட்,

நான் ஒண்ணும் மாத்திப் போடல. ஸ்லைடு அசல், உன் வீட்டுச் சுவத்துல தொங்குறது பிரதி. பிரதி போட்ட ஸ்டூடியோக்காரன் திருப்பிப் போட்டிருக்கலாம்னு உனக்குத் தோணவே தோணாதா? பாலத்தப் பத்து வருஷம் முன்னாடியே பிரிச்சு பழைய இரும்புக்குப் போட்டாச்சு, போய்ப் பாக்கவும் முடியாது. ஆக, நீ சொல்றதுதான் வேதம்.

பியூட்ல இருக்கிறவங்க கண்ணுக்கு எப்பவும் என் பக்கந்தான் தப்பு. எனக்கு இது பழகிப் போச்சு. கூட்டத்துக்கு நான் வர்றது சந்தேகம்தான். நீ வேற ஆளப் பாத்துக்க.

டெ. ஹாய்ட்


பியூட்
செப்டம்பர் 1

டெல்பர்ட்,

சட்டம் போட்டவனே சட்டத்த மீறுறேன். நொரீன் நேத்து வந்திருந்தா. படத்த எடுத்தவளே அவதான, அவகிட்டயே கேட்டுட்டேன். ஹால்ல மாட்டின படத்து முன்னாடி காபிக் கோப்பையோட நின்னு, பாலத்தப் பாக்கவே இல்ல அவ. பாலத்துக்கு முன்னாடி நீ ரொட்டியக் கடிச்சுக்கிட்டு நிக்குறியே, அதத்தான் பாத்தா.

"கடிகாரம் எந்தக் கையில இருக்கு பாரு"ன்னா. "கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்தது. அவரு வலது கையில கட்டி நான் பாத்ததே இல்ல."

என் படத்துல கடிகாரம் உன் இடது கையில இருக்கு. உன் ஸ்லைடப் போட்டுப் பாரு. பாத்துட்டு எழுது.

அர்விட்


வெனாட்சி
செப்டம்பர் 7

அர்விட்,

போட்டுப் பாத்தேன். வலது கை.

மூணு மாசமா அந்த விரிப்பு முன்னாடியே நின்னிருக்கேன். தூண எண்ணினேன், ஆணிய எண்ணினேன், என் மூஞ்சிக்குப் பக்கத்துலயே பென்சில் ஓட்டியிருக்கேன். என் கை என் கண்ணுல படல. அதே கடிகாரத்ததான் இப்பவும் கட்டியிருக்கேன், இடது கையில.

போன கடிதத்துல எழுதினதுக்கு வெக்கமா இருக்கு. அடுத்த வாரம் சனிக்கிழமையிலேர்ந்து ரெண்டு நாள் லீவு சொல்லியிருக்கேன். உடைச்சுட்டுத் திரும்பக் கட்டப் போறேன். பாதியாவது முடிஞ்சா பெயிண்ட் இல்லாமக் கொண்டு வரேன், முடியலன்னா ஓபல் அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு ஒதுங்கிடுறேன். உன் பாதிய நல்ல ஆளாப் பாத்துச் சேத்துக்க. அது அவ்வளவு அழகா இருக்குன்னு எனக்குத் தெரியும்.

டெல்பர்ட்


பியூட்
செப்டம்பர் 11, அவசரத் தபால்

மாப்ள,

அந்தப் பாலத்து மேல சுத்தியலத் தூக்கின, வெனாட்சிக்கே வந்து உதைப்பேன். கையக் கட்டிக்கிட்டு உக்காரு, நான் சொல்றதக் கேளு.

பஸ்ஸுக்கு அடியில படுத்திருந்தப்பதான் மண்டையில உறைச்சுது. எதிரெதிரா வளையிற ரெண்டு பாதைய அப்படியே சேத்தாத்தான் பெட்டி ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டுக் கவுந்துடும். நடுவுல ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப் பாதை விட்டா ஒண்ணும் ஆகாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச சங்கதி இது, ரெண்டு கிழட்டு எருமைக்கும் மூணு வாரமாத் தோணல பாரு. நம்ம நீளமான பெட்டி ஓரடி. ஓரடி நேர்ப் பாலம், அவ்வளவுதான். நான் கட்ட ஆரம்பிச்சுட்டேன். ஓபல் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். மேசைகளக் கொஞ்சம் தள்ளிப் போட்டா சரியா வரும், பாதைய மறுபடி உங்க மேசைப் பக்கம் திருப்ப ஐடஹோ சங்கத்துக்காரங்களோட வளைவுப் பலகை ஒண்ணு சும்மா கிடக்குன்னாங்க. நிஜப் பாலம் இப்படி நெளியாதேன்னு கேட்டேன். "நிஜப் பாலம் இப்ப இல்லையே"ன்னாங்க.

நடுத்துண்டுக்கு நான் பெயிண்ட் அடிக்க மாட்டேன். மொட்டையாக் கொண்டு வரேன். கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் வா, கூட்டம் நடக்குற ஹால்லயே உக்காந்து ரெண்டு பேரும் அடிப்போம். ஊறுகாய் ஜாடியக் கொண்டா.

போன கடிதத்துல ஒண்ண எழுதாம விட்டேன். கிளம்புறப்ப நொரீன் கேட்டா, ரெண்டு வருஷமா அவருக்கு ஏன் எழுதலன்னு. "உனக்காகத்தான்"னேன். "அவரு எந்நேரமும் பேஸ்மெண்ட்ல ரயிலோடயே கிடந்தாருன்னுதான் நான் விட்டேன். அங்க அவரு தனியாவா கிடந்தாரு? நீயும்தான கிடந்த"ன்னா. கார்ல ஏறிக்கிட்டே சொன்னா, "அவர நான் விட்டேன், சரி. உன்ன யாரு விடச் சொன்னா?"

அதான் மேல அப்படி எழுதியிருக்கேன்.

மச்சான்,
அர்விட்


வெனாட்சி
அக்டோபர் 9

மச்சான்,

இந்தத் தடவ அந்த வார்த்தைய அடிக்கல, பாரு.

வந்து சேந்து ரெண்டு நாளாச்சு, கால் இன்னும் தரையில பாவல. எப்படி ஓடுச்சு பாத்தியா? உன் பாதியில இடது பக்கம் சாஞ்சு, நடுத்துண்டுல நிமிந்து மூச்சு விட்டுட்டு, என் பாதியில வலது பக்கம் சாஞ்சு, ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டி ஆடணுமே! இணைப்புத் தண்டவாளத்த ஆளுக்கொரு முனையா அமுக்கிப் பிடிச்சிருந்தோமே, வண்டி கடந்து போன அப்புறமும் நீ கைய எடுக்கல, நான் பாத்தேன்.

ஒண்ணு கவனிச்சியா? தொப்பி போட்ட அந்த ரயில்வே தாத்தா. ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு, "முப்பது வருஷம் இந்தப் பாலத்து மேல வண்டி ஓட்டினேன், அச்சு அசலா இப்படியேதான் இருந்துச்சு, இந்த நெளிவுகூட"ன்னாரு. நீ ஐயோன்னு திரும்பிக்கிட்டதால சிரிப்ப நான் தனியா அடக்க வேண்டியதாப் போச்சு.

நொரீன் வந்து ஹக்கிள்பெரிப் பழம் வச்ச 'பை' பலகாரம் குடுத்துட்டுப் போனது நல்லா இருந்துச்சு. கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன், இல்ல. என் கையப் பாத்துட்டு, "மணி சரியா காட்டுதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. காட்டுதுன்னேன்.

இப்ப ஒரு சங்கதி. நடுத்துண்டு எங்கிட்ட இருக்கு. உன் வண்டியில இடமில்லன்னு என் வண்டியில ஏத்தினது நீதான். ஏத்தினப்ப ஒண்ணு கண்டுபிடிச்சிருப்பன்னு நினைச்சேன், நீ பாக்கவே இல்ல. பெயிண்ட் அடிச்ச அன்னைக்கு நீ காபி வாங்கப் போனப்ப உள்பக்கம் பூரா வெள்ளி அடிச்சுட்டேன். குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். இருபது வருஷத்து ஆசை, மன்னிச்சுடு.

இது இல்லாம உன் பாதியும் என் பாதியும் சேராது. தபால்ல அனுப்ப மாட்டேன், வழியில உடைஞ்சுடும். நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நானே மடியில வச்சுக் கொண்டு வரேன். கறுப்படிக்கணும்னா அப்ப அடிச்சுக்க. வான்கோழியில கால் எனக்கு.

மாப்ள,
டெல்பர்ட்