முப்பத்தொரு நீலக் குடைகள்

ஜூன் 16, திங்கள்
நான்காம் வகுப்புக்கு ‘மழை நாள்’ கட்டுரை. மாதிரிக்கு ஒன்று வாசித்துக் காட்டினேன். போன வருஷத்து அக்கா எழுதியது என்றேன். பொய். ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து எழுதியது. காற்றில் புரண்டுகொண்ட அப்பாவின் நீலக் குடை என்று ஒரு வரி — எனக்கே கொஞ்சம் பெருமைதான். வகுப்பு வாய் பிளந்து கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நிஜ மழை, மெல்ல.

ஜூன் 17, செவ்வாய்
முப்பத்திரண்டு தாள். முப்பத்தொரு நீலக் குடை! அப்பா வெளியூரில் இருக்கிற பையனுக்கும் அப்பாதான் குடை பிடிக்கிறார். திருத்தத் திருத்தக் கண் சொருகியது. மேசைமேல் குடைகள் மிதந்து போயின.

குடை இல்லாத தாள் ஒன்றே ஒன்று. இரண்டு வரிக்காரியுடையது. எதைக் கொடுத்தாலும் இரண்டே வரி எழுதுவாள், வகுப்பு வைத்த பெயர் அது. “மழை பெய்தது. எங்களிடம் குடை இல்லை.” ‘போதாது’ என்று சிவப்பில் கிறுக்கினேன். வெள்ளிக்குள் ஒரு பக்கம் எழுதாவிட்டால் அவளை மூன்றாம் வகுப்புக்கே அனுப்பிவிடலாம் என்கிறார் தலைமையாசிரியை.

ஜூன் 18, புதன்
பஸ்ஸில்தான் உறைத்தது. தன் மழையை எழுதியவள் அவள் ஒருத்திதான். அதற்குப் போய்ச் சிவப்பு மையா? அறிவிருக்கா எனக்கு? என் மாதிரியில் குடை இருந்தது, அவள் வீட்டில் இல்லை. அப்புறம் அந்தப் பிள்ளை எதைப் பார்த்து எழுதும்?

ஜூன் 19, வியாழன்
அவளிடம் தனியே சம்மதம் கேட்டுக்கொண்டு, அந்த இரண்டு வரியைப் பெயர் போடாமல் பலகையில் எழுதினேன். இன்றைக்கு இதுதான் மாதிரி, தெரிய வேண்டியதைக் கேளுங்கள் என்றேன். எங்கே போனார்கள், யார் நனைந்தது, செருப்பு என்ன ஆச்சு — பலகை கொள்ளவில்லை. அவள் குனிந்து பென்சில் சீவிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி
அவள் தாளில் ஒரு பக்கம் முழுக்க. பின்பக்கத்திலும் நாலு வரி.

“அம்மா கைப்பையை என் தலைமேல் பிடித்தாள். பைக்குள் சாவி குலுங்கியது. காதுக்குப் பக்கத்தில் மழையா சாவியா என்று தெரியவில்லை.”

தலைமையாசிரியை இரண்டு தடவை படித்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும் என்றார். மத்தியானம் வகுப்பில் வாசித்தேன். முன்பெஞ்சுக்காரன் எழுந்து நின்றான்.

“டீச்சர், போன வருஷத்து அக்கா எழுதினதவிட இது நல்லாருக்கு.”

சுருக்கென்றது. ஆமாம் என்றேன்.