பன்னிரண்டரை மணி கம்பெனி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, தம்பி மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் சிரித்து, குறுக்குக் கேள்வி கேட்டு, கடைசியில் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். இது ஆதியோடு அந்தமாகச் சொல்ல வேண்டிய விஷயம். தலைப்புச் செய்தியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பறிபோன சாப்பாட்டு அரைமணி நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது. வாங்கிக்கொடுத்தது உன் அம்மா. இனி நிதானமாகப் படி.

அதற்கு முன் வீட்டுச் சேதி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது பார்வை தெளிந்து வீட்டில் எங்கெங்கே ஒட்டடை இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார், ஆபரேஷனை இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருக்கலாம். தம்பி மூன்றாவது தடவையாகப் போய் டிரைவிங் டெஸ்ட் பாஸ் செய்துவிட்டான். சின்ன அத்தை உன்னை ரொம்ப விசாரித்தாள்.

நாலு மாதத்துக்கு முன் எங்கள் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார் இல்லையா, நாங்கள் சின்னவர் என்று சொல்வோமே, அவர்தான். நல்ல பிள்ளை, ஆனால் மெஷின் ஒரு நிமிஷம் நின்றால் அவரால் பொறுக்க முடியாது. பன்னிரண்டரைக்கு மணி அடித்து, எல்லா மெஷினையும் நிறுத்தி, பின்னறையில் இரண்டு நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டு இருபத்துமூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். அவர் வந்த பத்தாம் நாள் ஒரு சர்க்குலர் ஒட்டினார். இனி ஆளுக்குக் கால் மணி நேரம், முறை வைத்துப் போய்ச் சாப்பிட வேண்டும், மெஷின் நிற்கக்கூடாது, இது கம்பெனியின் நலன் கருதி. மேசைகளைக் கொண்டுபோய் குடோனில் போட்டு அதன்மேல் தாள் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். அச்சுக்காரருக்குப் பதினொன்றே முக்கால், எனக்கு ஒன்றேகால். தாள் கட்டின்மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஒரு வாய் உள்ளே போகும், அடுத்த வாய்க்குக் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

சாப்பாட்டை விடவும் அந்தச் சர்க்குலரில் இருந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. கம்பெனியின் நலன் என்றால் யாருடைய நலன், இருபத்திரண்டு வருஷமாகப் பசை போட்டுப் பெட்டி ஒட்டுகிற நான் அதில் இல்லையா, அப்படியானால் யார்தான் கம்பெனி, அந்தக் கட்டடமா, கேட்டில் இருக்கிற போர்டா என்று மனதுக்குள் மல்லுக்கு நின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ விட்டுப்போன தலையணை சைஸ் டிக்ஷனரியை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் சொன்ன வார்த்தைக்கு இப்போதுதான் அர்த்தம் பார்க்கிறாயா என்று உன் அப்பா கிண்டல் செய்தார், செய்யட்டும். எழுத்துக்கூட்டிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். இங்கிலீஷுக்கு அந்த வார்த்தை பிரெஞ்சு வழியாக வந்திருக்கிறது, வேர் லத்தீன் என்ற பழைய பாஷையில் இருக்கிறது. காம் என்றால் கூட, பானிஸ் என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறவன்தான் கம்பானியோ, அப்படிப்பட்டவர்கள் சேர்ந்தால் கம்பெனி. சிப்பாய்க் கூட்டத்துக்கும் அதே பெயர், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் அதே பெயர். கூட்டுச் சேர்ந்து வியாபாரம் செய்தவர்கள் பிற்பாடு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்களாம். நாம்கூட சினிமாவுக்குப் போகத் துணை வேண்டுமென்றால் கம்பெனி கொடு என்றுதானே கேட்கிறோம். படித்து முடித்ததும் எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. கம்பெனி என்ற பெயரைச் சொல்லியே கம்பெனியைக் கலைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், போன மாதம் அந்தச் சோப்புப் பெட்டி விவகாரம் வெடிக்கும்வரை. பெட்டித் தாளில் பளபளப்புக்கு வார்னிஷ் ஏற்றுவார்கள், ஒட்டுகிற விளிம்பை மட்டும் விட்டுவிடுவார்கள், அங்கே வார்னிஷ் இருந்தால் எங்கள் பசை பிடிக்காது. என்றைக்காவது அச்சில் கோளாறாகி விளிம்பிலும் ஏறிவிட்டால் வேறு பசை போட வேண்டும். இதை யாரும் எங்களுக்கு எழுதிக்கொடுத்ததே இல்லை. அச்சுக்காரர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே இன்றைக்கு விளிம்பில் ஏறிவிட்டது என்பார், நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான். இந்தத் தடவை அந்தப் பேச்சே நடக்கவில்லை. நாங்கள் வழக்கமான பசையைப் போட்டு அனுப்பினோம். இரண்டாம் நாள் சோப்புக்காரர் குடோனில் ஆறாயிரம் பெட்டியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எல்லாவற்றையும் பசைப் பிரிவின் தலையில் கட்டப் பார்த்தார்கள். விளக்கம் கேட்டு மீட்டிங் போட்டார் சின்னவர்.

என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். கால் நடுங்கியது உண்மைதான், குரல் நடுங்கவில்லை. “சார், கம்பெனின்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். டிக்ஷனரியில் படித்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சின்னவர் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார், நான் சொன்னது சரிதான் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் லேசில் விடுகிற ஆளா. “பழைய காலத்துல என்ன அர்த்தமோ இருக்கட்டும்மா, அதை வெச்சு மெஷின் ஓட்ட முடியுமா?” என்றார். நான் அச்சுக்காரர் பக்கம் திரும்பி, விளிம்பில் வார்னிஷ் ஏறியது தெரியுமா என்று கேட்டேன். “தெரியும்க்கா. எப்ப சொல்றது? நான் சாப்பிடறப்ப நீங்க இல்ல, நீங்க சாப்பிடறப்ப நான் இல்ல” என்றார் அந்த மனுஷன். சின்னவர், ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டார், நியாயமான கேள்விதான். “எழுதறவருக்கு எது தோணுதோ அதைத்தான் சார் எழுதுவார். எதிர்ல உக்காந்திருந்தா தோணாததையும் நாங்க கேட்டுடுவோம்” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாளையிலிருந்து மேசையைப் போடுங்கள் என்று சொல்லி எழுந்து போனார்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு மணி அடித்து ஒவ்வொரு மெஷினாக நின்றபோது முதல் ஆளாக டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. இருபத்துமூன்று டப்பா மூடிகளும் ஒரே நேரத்தில் திறந்தன. ஐந்தாவது நிமிஷமே கட்டிங்காரர் கத்தி ஒரு மூலையில் மழுங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார், சாயங்காலத்துக்குள் மாற்றியாகிவிட்டது. எல்லோரும் என்னை லத்தீன் அக்கா என்று கூப்பிடுகிறார்கள், நான் திருப்பித் திட்டுவதில்லை, உள்ளுக்குள் பிடித்திருக்கிறது. சின்னவர் மட்டும் இன்னும் தன் அறையில்தான் சாப்பிடுகிறார். அவருக்கு வேறு ஒரு வார்த்தை தேட வேண்டும்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேசை இல்லாத அத்தனை நாளும், சாப்பிட்டாயா என்று நீ கேட்டபோதெல்லாம், எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். நீ கவலைப்படுவாய் என்றுதான். நீயும் அதே பொய்யை, அதே குரலில், எனக்கு ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நானும் சொன்னதால்தான் அது பொய் என்று எனக்குப் புரிந்தது. உன் ஆபீஸில் முந்நூறு பேர் என்றாயே. பக்கத்து நாற்காலியில் இருக்கிற யாரையாவது, சாப்பிட வருகிறீர்களா என்று கேள். முதல் நாள் கால் நடுங்கும், பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குத் தூங்கு. எந்தக் குறையும் வராமல், மனம் நிறைந்து, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என்னுடைய, அப்பாவுடைய ஆசி. பதில் எழுதும்போது சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதாதே, யாரோடு சாப்பிட்டாய் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா