மறுபடியும் லைன் போனால்

அம்மு,

நேற்று வந்த இன்டர்நெட் லைன்காரர் வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "ஸ்பீடு ஃபுல்லா வருதே சார், எங்க பக்கம் ஒண்ணும் இல்ல" என்றார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் லைன் போய்விட்டது. அவரைத் திரும்பக் கூப்பிட்டால் போனில் பாட்டுத்தான் பாடுகிறது.

போன இன்டர்வியூ பாதியில் நின்றபோது, "ஒரு நல்ல லைன்கூட உங்களால போட முடியாதாப்பா?" என்று கேட்டாய். இன்றைய இன்டர்வியூவுக்காக உன் மேசையைப் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டேன். அதற்குமேல் என்ன செய்வதென்று புரியவில்லை.

சோறு அடுப்பின் மேல் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு உட்கார்.

அப்பா

உன் போனில் டேட்டா தீர்ந்துவிட்டது என்றாயே, என் போனை மேசையில் விட்டுப் போகிறேன். லைன் போனால் அதில் பேசு. சாயங்காலம் வரை எனக்கு ஒன்றும் தெரியாது. கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடு, எதுவானாலும்.