மருந்து கலக்காத மூட்டை

அன்புள்ள அண்ணா,

விதைக்குப் பூஞ்சை மருந்து கலக்கலாம் என்று மூன்று வருடமாக அப்பாவிடம் கெஞ்சினேன். "உனக்கு என்னடா தெரியும்?" என்பார். நீ ஒரு தடவை போனில் சொன்னதும் அன்றைக்கே மருந்து வாங்கி வந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் "பெரியவன் சொன்னான்" என்று பெருமை வேறு. எனக்கு வயிறு எரிந்தது.

கலக்கும் வேலை என்னுடையது. ஒரு மூட்டையை மட்டும் கலக்காமலே மேற்கு வயலில் விதைத்துவிட்டேன். உன் பேச்சு பொய்யாகட்டும் என்றுதான்.

அங்கே முளைத்ததெல்லாம் வேர் அழுகிச் சாய்ந்துவிட்டது. இன்று காலை அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவன் சரியாத்தான் சொன்னான். நான்தான் மருந்தக் கம்மியா வாங்கிட்டேன் போல. அவன்கிட்ட சொல்லிடாதடா, வருத்தப்படுவான்."

நடந்ததை அவரிடம் நீயே சொல்லிவிடு. நீ சொன்னால்தான் நம்புவார்.

இப்படிக்கு,
உன் தம்பி