மழைக்கு ஆடிய உப்பளம்

மே 8, வியாழன்

வெயில். காலை எட்டு மணிக்கே வரப்பில் கால் வைக்க முடியவில்லை. மூன்று பாத்தி உப்பு வாரியாயிற்று. மோட்டார் பெல்ட் மாற்ற வேண்டும்.

நாளை நம் உப்பளப் படம் ரிலீஸ். போன வருஷம் நம் அளத்தில்தான் நாலு நாள் ஷூட்டிங். அந்த நாலு நாளும் நான் சென்னையில், அண்ணனுக்குக் கண் ஆபரேஷன். முப்பது வருஷச் சினிமாப் பைத்தியம் நான். சினிமா வாசலுக்கு வந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் ஒரு ஆளாக நின்றது யார்? என் பெண்டாட்டி கஸ்தூரி. சினிமா என்றாலே தலைவலி என்பவள்!

நாளைக்குக் கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வா, எனக்கு வேலை கெடக்குது." கல்யாணமான புதிதில் வருவாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். ரசனை அவ்வளவுதான்.

பார்க்கிற படத்துக்கெல்லாம் பத்துக்கு மார்க் போடுவது இருபது வருஷப் பழக்கம். இது ஒன்பதாவது நோட்டு. யாருக்கும் காட்டியதில்லை. இந்த வருஷக் கணக்கு இதுவரை:

லிஃப்டில் மாமியாரும் மருமகளும் மாட்டிக்கொள்கிற படம். 9. மூன்று தடவை பார்த்தாயிற்று.

கண்டக்டர் வில்லன் படம். 8½. கடைசிவரை குரலை உயர்த்தவே மாட்டான், அடிவயிறு கலங்கியது.

பஞ்சாயத்துப் படம். 3. நெஞ்சில் மூன்று குண்டு வாங்கியும் ஹீரோ தங்கச்சிக்கு அட்வைஸ் பண்ணிவிட்டுத்தான் சாகிறான்.

கடல் படம். 2. நடுக்கடலில் வலையை இழுத்தால் ஏரி மீன் துள்ளுகிறது. என் சினிமாக் கூட்டாளி, அனுமந்தை ஊர்க்காரன் சேகர் தியேட்டரிலேயே எழுந்து, "டேய், அது கட்லாடா!" என்று கத்திவிட்டான். பிறப்பிலேயே மீன்காரன், எப்படிப் பொறுப்பான்?

மே 9, வெள்ளி

பாண்டி. முதல் காட்சி. கூட சேகர். உள்ளே போனதும் வழக்கம்போலப் போனை அணைத்தேன். படம் ஓடும்போது போன் பேசுகிறவனை ஜெயிலில் போட வேண்டும்.

படமா இது!

ஹீரோ விளைந்த பாத்திக்குள் ஷூவோடு ஓடுகிறான். பாத்தித் தரை என்னத்துக்கு ஆகும்? ஹீரோயினுக்கு வெள்ளைச் சேலை, கொலுசு, தலை நிறைய மல்லி. குதிகாலில் ஒரு வெடிப்பு இல்லை. காலையில் வாரின உப்பை ஈரம் சொட்டச் சொட்ட மத்தியானமே லாரியில் ஏற்றுகிறார்கள்.

இதையெல்லாம்கூட மன்னிப்பேன். கடைசியில் மழை வருகிறது. வந்ததும் உப்பளத்து ஜனம் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. அடப்பாவிகளா! மழைக்கு எந்த உப்பளத்துக்காரனாவது ஆடுவானா? வாரிக் குவித்த உப்பு அம்பாரம் கண்ணெதிரே கரையும். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடுவோம். நெல் வயலுக்கு எழுதின கதையை இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கிறான்.

ரெண்டு மார்க் என்று முடிவு பண்ணிவிட்டேன். அப்போதுதான் திரை முழுக்கக் கஸ்தூரி.

எல்லோரும் ஆடுகிறார்கள், அவள் மட்டும் அசையாமல் நிற்கிறாள். குழாய் மழை முகத்தில் கொட்டுகிறது. எதையோ பார்க்கிறாள். வாய் கோணுகிறது. சத்தமில்லாமல் அழுகிறாள். பத்து நொடி இருக்கும்.

தூக்கிவாரிப் போட்டது. சேகர் தோளைப் பிடித்து உலுக்கினான். "ண்ணே, அண்ணிண்ணே! நம்ம அண்ணி!" பின் சீட்டில் ஒருத்தன், "ஆனந்தக் கண்ணீர் மச்சான், பின்னிட்டாங்க அந்தம்மா" என்றான். கைதட்டல்.

ஆனந்தமாவது! இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்கிறேன். அவள் அப்பா செத்த அன்றுகூட என் முன்னால் அழுததில்லை. வந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை.

நடிப்பு எது என்று எனக்குத் தெரியும். அது நடிப்பில்லை.

மார்க் போடவில்லை.

மே 10, சனி

பெல்ட் மாற்றியாயிற்று.

மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டே விட்டேன்.

"கண்ணுல கிளிசரின் ஊத்துனாங்களா?"

"இன்னாது அது?"

"அழுவறதுக்கு ஊத்துவாங்களே."

"அதெல்லாம் ஊத்தல. தண்ணிதான் ஊத்துனாங்க."

"அப்பறம் ஏன் அழுத?"

"பூண்டு உரிச்சுக் குடு."

உரித்தேன்.

சாயந்திரம் பக்கத்து அளத்து பானுவைப் பார்த்தேன். அவளும் அந்தக் கூட்டத்தில் ஆடினவள். "அந்த டைரக்டரு மைக்குல 'மழைய பாருங்க, சந்தோஷப்படுங்க'ன்னாரு. எங்களுக்குச் சிரிப்பு தாங்கல. அக்கா மட்டும் அம்பாரத்தயே பாத்துகினு நின்னுச்சு. ஷாட்டு முடிஞ்சும் அழுவை நிக்கல." பிறகு, "ஏண்ணே, உனுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

மத்தியானம் மேற்கே கறுத்தது. எனக்கு முன்னால் அவள் தார்ப்பாயோடு ஓடினாள். ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில். காற்றோ காற்று. அம்பாரத்தை மூடிக் கட்டி, ஓரமெல்லாம் மூட்டை வைத்து முடித்தோம். நாலு தூறல். மேகம் கடல் பக்கம் போய்விட்டது.

வரப்பில் உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"ஏழு வருஷம் முன்னாடி சித்திரையில பேஞ்சுதே. அன்னிக்கு நீ பாண்டில படத்துல இருந்த. பதினாலு வாட்டி அடிச்சேன். போன் ஆஃப். எல்லா அளத்துலயும் ரெண்டு ரெண்டு பேரு. நான் இந்த முனையப் புடிச்சா அந்த முனை பறக்குது. அதப் புடிச்சா இது பறக்குது. கடசில பாயே போச்சு. அம்பாரத்து மேல படுத்துகினேன்."

"படுத்துகினியா?"

"பின்ன? ஒருத்தி ஒடம்பால எவ்ளோ மறைக்க முடியும்? வயித்துக்குக் கீழ கரைஞ்சு ஓடுது, தெரியுது எனக்கு."

மன்னித்துக்கொள் என்றுகூட வரவில்லை. "உப்பு போச்சுன்னுதானே..." என்று ஏதோ உளறினேன்.

"உப்பு போவும், வரும். அதுக்கு யாரு அழுவா? சாயந்திரம் வந்து நீ இன்னா சொன்ன, ஞாபகம் இருக்குதா?"

இல்லை.

"'அந்தப் படத்துல மழைய எப்பிடி எடுத்துகிறான் தெரியுமா, நீ பாத்திருக்கணும்'ன்ன. சோறு துன்னுகினே சொன்ன. நான் ரசம் ஊத்திகினு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மே 12, திங்கள்

வெயில். கஸ்தூரி அளத்துக்குப் போய்விட்டாள். பெட்டியிலிருந்து ஏழு வருஷத்துக்கு முந்தைய ஆறாவது நோட்டை எடுத்தேன். அந்த நாள் இருக்காது என்றுதான் நம்பினேன்.

இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். மழையில் சண்டை, ஒரே ஷாட், துளி துளியாகத் தெரிகிற லைட்டிங், கேமராமேன் கையில் முத்தம் கொடுக்கலாம் என்றெல்லாம். 9½ மார்க். ரெண்டு தடவை அடிக்கோடு.

கீழே இடம் மிச்சமிருந்திருக்கிறது. பொடி எழுத்தில்: "அளத்திலும் மழையாம். உப்பு கொஞ்சம் போயிற்று. க.வுக்கு ஜலதோஷம். மாத்திரை வாங்க வேண்டும்."

வாங்கினேனா என்று எழுதவில்லை.